அரசேலி உர்கீசா குடிக்கவில்லை

அனுப்புநர்:
ஓர்தென்சியா பியாசெஞோர்,
முன்னாள் தலைமைக் கதாசிரியர், தொலைக்காட்சிப் பிரிவு,
தெசோந்த்லே படநிறுவனம் (மூடப்பட்டது),
42, மாடி வீடு, ருமானியா தெரு,
போர்த்தாலெஸ், மெக்சிகோ நகரம்.

பெறுநர்:
திரு. ஃபெர்மின் ஓசோர்னோ அவர்கள்,
செயலர், நினைவுச் சின்னங்கள் மற்றும் பெயர்சூட்டுக் குழு,
மெக்சிகோ நகரம்.

பொருள்: தெசோந்த்லே படநிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவு மூடப்பட்ட காரணம் குறித்துத் தங்கள் கல்வெட்டிலும் சிற்றேட்டிலும் இடம்பெற்றுள்ள பொய்யை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் குழு வெளியிட்ட சிற்றேடு.
2. தங்கள் அலுவலகத்துக்கு நான் நேரில் வந்து வெறுங்கையோடு திரும்பியது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தெசோந்த்லேயின் தொலைக்காட்சிப் பிரிவு தொடங்கியதிலிருந்து அது இழுத்து மூடப்பட்டதுவரை அதற்குக் கதை எழுதியவள் நான். அந்த நிறுவனம் இருந்த மனையில் தங்கள் குழு கட்டி முடித்திருக்கும் கட்டடத்துக்கு 'எவாரிஸ்தோ மொந்தால்வோ பண்பாட்டு இல்லம்' என்று பெயர் வைக்கப் போவதாகவும், வாசலில் ஒரு கல்வெட்டு பதிக்கப் போவதாகவும் தங்கள் சிற்றேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததும் எனக்கு உண்டான உணர்ச்சியை ஒரு மனுவில் எழுதுவது முறையா என்று யோசித்தேன். முறைதான் என்று முடிவு செய்தேன். அது அருவருப்பு, ஐயா.

2. சிற்றேட்டில் தாங்கள் அச்சிட்டிருக்கும் கல்வெட்டு வாசகம் இது: "நம் நாட்டுத் தொலைக்காட்சி நாடகத்தின் தந்தையாகிய தோன் எவாரிஸ்தோ மொந்தால்வோ இவ்விடத்தில் தம் கனவை வளர்த்தார். முதன்மை நடிகை அரசேலி உர்கீசாவின் உடல் தளர்ச்சியும் தகாத பழக்கங்களும் பணியைத் தொடர இயலாமற் செய்தமையால், 1977ஆம் ஆண்டு கனத்த மனத்துடன் அப்பிரிவை மூடினார்." இதில் இடமும் ஆண்டும் சரி. மற்றதெல்லாம் பொய். எப்படிப் பொய் என்பதை வரிசையாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நடுவில் என் நடை கொஞ்சம் சூடேறினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. 'தோன்' என்ற மரியாதை அடைமொழி போகட்டும். முதலில் 'தந்தை' என்ற சொல். 1961இல் எங்கள் நிறுவனம் எடுத்துக்கொண்டிருந்தவை குதிரைக்காரப் படங்கள். அகலத் தொப்பி வைத்த ஒருவர் குதிரை மேல் உட்கார்ந்து பாடுவார், இன்னொருவரைச் சுடுவார், மறுபடியும் பாடுவார். ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. கொட்டகைகளில் எலிதான் படம் பார்த்தது. படங்கள் குறைந்ததும் குதிரைகளை விற்றார்கள், லாயம் காலியானது. ஓரங்கட்டப்பட்டிருந்த ஒளிப்பதிவாளர் செல்சோ அர்ரியேத்தா, அந்த லாயத்தைக் கொடுத்தால் தொலைக்காட்சிக்கு மத்தியான நாடகம் எடுத்துத் தருவதாக முதலாளியிடம் கேட்டார். அந்தப் பிரிவுக்குத் தந்தை என்று ஒருவர் இருந்தால் அது செல்சோதான். அவர் பெயர் தங்கள் சிற்றேட்டில் எங்கும் இல்லை.

4. படத் தயாரிப்பு மேலாளராக இருந்த மொந்தால்வோ அப்போது சொன்னது என் காதில் விழுந்தது. "டெலிவிஷனா? பொம்பளைங்க அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஒரு கண்ணால பாக்குற சமாச்சாரம்யா அது. லாயத்துலயே எடுங்க. அதுக்கு அதுதான் சரியான இடம்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு 'லாயத்துக்காரங்க' என்று பெயர். படப்பிரிவுக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையாகவே நாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. விளக்குகளைப் போட்டுச் சூடேறியதும், பல வருஷமாகத் தரையில் ஊறிய குதிரை மூத்திரம் எழுந்து வரும். நாங்கள் அதற்குள் நின்றுகொண்டு காதல் காட்சி எடுத்தோம். ஆனாலும் ஐயா, அந்த வாடைக்கு நான் ஒருநாளும் மூக்கைப் பிடித்ததில்லை. தங்கள் சிற்றேட்டைப் பிரித்தபோது பிடித்துக்கொண்டேன்.

5. நடிகை அரசேலி உர்கீசா லாயத்துக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவர் படங்களில் கதாநாயகியாக இருந்தவர். நாற்பதைத் தொட்டதும் வேஷம் வருவது நின்றது. ஒருநாள் நிறுவன உணவகத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மொந்தால்வோவிடம் அடுத்த படத்தைப் பற்றிக் கேட்டார். அந்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மேசைக்கு அப்பாலும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்: "உனக்கு இனி அம்மா வேஷம்தான் அரசேலி. அதுவும் முதல் ரீலிலேயே சாகுற அம்மா." அரசேலி சூப்புக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, முற்றத்தைக் கடந்து, நேராக லாயத்துக்கு வந்தார். செல்சோவும் நானும் ஓர் உடைந்த மேசையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தோம். "சாகாத பொம்பளை வேஷம் ஏதாவது இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டார்.

6. இருந்தது. 'ஏழாம் எண் முற்றம்' என்ற தொடர். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு பழைய வளவு. அதில் ஊரார் துணியை வெளுத்துப் பிழைக்கும் கசில்தா என்ற சலவைக்காரி. அவளிடமிருந்து பிறந்த அன்றே பிரிக்கப்பட்ட ஒரு மகன். இதைப் பெரிய இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசேலி தொட்டியின் முன் நின்று, துணியைப் பிழிந்தபடி, அடுத்த வீட்டுக்காரியிடம் வாடகையைப் பற்றிப் பேசினால், பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பாகத் தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும்.

7. பிறகு நடந்ததை இந்த நகரத்தில் அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மத்தியானம் தொடர் ஓடும் நேரத்தில் தோர்த்தியா ரொட்டி சுடும் கடைகளில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சத்தத்தில் வசனம் கேட்கவில்லையாம். பேருந்து ஓட்டுநர்கள் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கும் காபிக் கடை வாசலில் வண்டியை 'கொஞ்சம் பழுது' என்று நிறுத்துவார்கள். பயணிகளும் இறங்கிப் பார்ப்பார்கள். போர்த்தாலெஸ் கோயில் பாதிரியார் மத்தியானப் பூசையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார். காரணம் கேட்ட ஆயரிடம் வெயில் என்று சொன்னாராம். சந்தையில் அரசேலி காய் வாங்கப் போனால் பெண்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "கசில்தாக்கா, அந்த மருந்துக்கடைக்காரனை மட்டும் நம்பாதீங்க. அவன் பொண்டாட்டி உயிரோட இருக்கா. நாங்க நேத்து பாத்தோம்" என்று எச்சரிப்பார்கள். அவரும், "அப்படியாம்மா? நல்ல வேளை சொன்னே" என்று நன்றி சொல்லிவிட்டு வருவார். அடுத்த நாள் லாயத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

8. ஒரு தொடர் மூன்றானது. லாயத்தை இடித்துப் பெரிதாக்கினார்கள். குதிரைக்காரப் படங்களின் நஷ்டத்தையெல்லாம் நாங்கள்தான் தூக்கிச் சுமந்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு போன நட்சத்திரங்கள் பின்வாசல் வழியாக வந்து, "ஒரு சின்ன வேஷமா இருந்தாலும் பரவாயில்ல ஓர்தென்சியா" என்று என் மேசையருகே நின்றார்கள். மொந்தால்வோவின் மூக்கும் குணமாயிற்று. வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அரசேலியின் தோளில் கை போட்டு, "இது நான் பெத்து வளர்த்த பிள்ளை" என்று பிரிவைக் காட்டுவார். செல்சோ காமிராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. "பேசிக்கிட்டுப் போகட்டும். நம்மள எடுக்க விடுறான்ல, அது போதும்" என்பார். முதலாளி இறந்த பிறகு நிறுவனம் முழுவதும் மொந்தால்வோ கைக்கு வந்தது.

9. இப்போது 'உடல் தளர்ச்சி'. பிரிவு மூடப்படுவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன் அரசேலியின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. காபிக் கோப்பை தட்டின் மேல் கடகடவென்று ஆடும். அது நரம்பு நோய் என்று சொன்னவர் நிறுவனத்தின் மருத்துவர். மொந்தால்வோவை அறையில் வைத்துக்கொண்டேதான் சொன்னார். ஆகவே அந்த மனிதருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நான் அந்த நடுக்கத்தைக் கதைக்குள் கொண்டுவந்தேன். ஆயுசு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் கிடந்த சலவைக்காரியின் கை நடுங்காமல் இருக்குமா? அந்தக் கையால் கசில்தா ஊசியில் நூல் கோக்க முயலும் காட்சி ஒளிபரப்பானபோது, நிறுவனத்துக்குக் கையுறைகள் வந்து குவிந்தன. கம்பளிக் கையுறை, தோல் கையுறை, கையாலேயே பின்னியது. அரசேலி எல்லாவற்றையும் போர்த்தாலெஸ் சலவைத்துறைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். தளர்ந்து போன நடிகை என்று தாங்கள் கல்லில் வெட்டியிருப்பது இவரைத்தான்.

10. அடுத்தது 'தகாத பழக்கங்கள்', அதாவது குடி. அரசேலி உர்கீசா ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அவருடைய தகப்பனார் கள் குடித்தே வாய்க்காலில் விழுந்து செத்தவர். படம் முடிந்த விருந்துகளில் எல்லாரும் ஒயின் கோப்பையைத் தூக்கும்போது, அவர் கையில் அதே மாதிரிக் கோப்பையில் செம்பருத்திப் பூ ஊறவைத்த சர்க்கரைத் தண்ணீர் இருக்கும். "நிறம் ஒண்ணுதானே, போட்டோவுல யாருக்குத் தெரியப் போகுது" என்று சிரிப்பார். தங்கள் சிற்றேட்டில் அந்தப் பொல்லாத வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். அரசேலி சிவப்புக் கோப்பையை உயர்த்திச் சிரிக்கிறார். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. மொந்தால்வோ குடும்பம் தங்கள் குழுவுக்குப் படங்கள் தந்து உதவியதாகச் சிற்றேட்டின் கடைசிப் பக்கத்திலேயே நன்றி சொல்லியிருக்கிறீர்கள். ஒரு மனுஷியின் பூத்தண்ணீரைச் சாராயமாக்கியிருக்கிறார்கள், ஐயா. இதற்கு மேல் எப்படி மரியாதையாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

11. உண்மையில் மூடப்பட்டது இப்படி. எங்கள் நாடகங்களை ஒளிபரப்பிய நிறுவனம் தனக்கென்று சொந்தப் படப்பிடிப்புக் கூடங்கள் கட்டிக்கொண்டது. எங்கள் கதைகளும் கருவிகளும் அவர்களுக்குத் தேவைப்பட்டன; நாங்கள் தேவைப்படவில்லை. மொந்தால்வோவுக்கு அவர்களுடைய நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலி தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் கை குலுக்கிக்கொண்டன. எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

12. மூடப்பட்ட அன்று காலை, பிரிந்த மகன் முதன்முறையாக முற்றத்துக்குள் வரும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தோம். பல வருஷமாக ஊரே காத்திருந்த காட்சி. அரசேலி சலவைக்காரி வேஷத்தில் தொட்டியின் முன் நிற்கிறார்; முழங்கை வரை சோப்புத் தண்ணீர். அப்போது தள்ளுவண்டிகளோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள். செல்சோ காமிராவை விட்டு நகராமல், "யாரு நீங்க? படம் ஓடிக்கிட்டிருக்கு" என்றார். அவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. காமிராவை எல்லாம் ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்." அந்த ஆளுக்கு இருந்த கூச்சம்கூட மொந்தால்வோவுக்கு இருக்கவில்லை.

13. அரசேலி கையைக்கூடத் துடைக்காமல் முற்றத்தைக் கடந்து மொந்தால்வோவின் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். அங்கே பேசியதை ஒரு சொல் கூட்டாமல் தருகிறேன். சத்தியம் செய்து சொல்லவும் தயார். மொந்தால்வோ நாற்காலியிலிருந்து எழவில்லை. "உன் கையை நீயே பாரு அரசேலி. இதை இன்னும் எத்தனை நாளைக்கு ஜனங்களுக்குக் காட்ட முடியும்?" என்றார். அதற்கு அரசேலி, "ஏன் தோன் எவாரிஸ்தோ, இது இன்னிக்குக் காலையிலதான் நடுங்க ஆரம்பிச்சுதா? வண்டிக்கு நேத்தே சொல்லிட்டீங்க போலிருக்கே?" என்றார். மொந்தால்வோ மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, "உனக்கு ஓய்வு வேணும்னுதான்" என்று முணுமுணுத்தார். அரசேலி, "அப்ப சரி. இத்தனை வருஷம் சோறு போட்டீங்க, கும்பிடு" என்று சொல்லி, அந்தச் சோப்புக் கையை நீட்டினார். மரியாதைக்கு மொந்தால்வோவும் கையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அரசேலி விடாமல் குலுக்கினார். சட்டைக் கையெல்லாம் நுரை. திரும்பி வரும்போது அவர் அழவில்லை. "ஆள் நல்லா வெளுத்துப் போனான்டி" என்றுதான் என்னிடம் சொன்னார்.

14. மறுநாள் தொடர் வரவேண்டிய நேரத்தில், தொழில்நுட்பக் காரணம் என்று ஓர் அட்டையைக் காட்டினார்கள். அதற்கு மறுநாள் வேறு ஏதோ வெளிநாட்டுத் தொடர். பெண்கள் நிறுவன வாசலுக்கு வந்துவிட்டார்கள். சந்தைப் பையோடு, இடுப்பில் பிள்ளையோடு, பாதி பின்னிய சடையோடு வந்தார்கள். "மகன் வந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று இரும்புக் கதவைத் தட்டினார்கள். வேலையை இழந்து சாமான்களை எடுக்க வந்திருந்த நாங்கள் உள்பக்கம் நின்றுகொண்டிருந்தோம். மொந்தால்வோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே போனார். குரலைத் தழைத்து, "தாய்மார்களே, எனக்கும் மனசு கேக்கல. என்ன செய்யறது, நடிகைக்கு உடம்பு சரியில்ல" என்றார். ஒரு பெண், "ஐயோ, என்ன உடம்புக்கு?" என்று கேட்டாள். அந்த மனிதர் வாயால் பதில் சொல்லவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மற்ற விரல்களை மடக்கி, கட்டை விரலை வாய்க்கு நேரே கவிழ்த்துக் காட்டினார். காட்டிவிட்டு வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

15. அந்தக் கட்டை விரலை இன்றைக்கும் என் கண்ணிலிருந்து அகற்ற முடியவில்லை. நான் கத்தினேன். செல்சோ கத்தினார். கூட்டத்தின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கலைந்து போனார்கள். சண்டை போட வந்தவர்கள், சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரிப் போனார்கள்.

16. அதன் பிறகு அரசேலிக்கு யாரும் வேலை தரவில்லை. நடுங்கும் கை கேட்கிறவர்களுக்கெல்லாம் சாட்சி சொன்னது. 'கசில்தாக்கா' என்று கையைப் பிடித்த அதே சந்தையில் ஒரு மீன்காரி, "காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் சண்டைக்குப் போனேன். அரசேலி என் கையைப் பிடித்து இழுத்தார். "விடுடி. அவளும் கதை முடியலேன்னு கோவத்துல இருக்கா" என்றார். செல்சோ புயெப்லா நகரத்துக்குப் போய்க் கல்யாணங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்து, சில வருஷத்தில் இறந்துபோனார். மொந்தால்வோ அந்த நிர்வாகக் குழு நாற்காலியில் உட்கார்ந்து, விருதுகள் வாங்கி, பேரப்பிள்ளைகள் சூழ நல்ல படுக்கையில் செத்தார். அதுபற்றி எனக்குப் புகார் இல்லை. செத்தவரின் பொய் சாகாமல் இருக்கக் கல் வெட்டித் தருகிறீர்களே, அதுதான் என் புகார்.

17. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். தங்கள் உதவியாளர் ஒருவர் கண்ணியமாகவே பேசினார். "அம்மா, கல்லு ஏற்கனவே வெட்டியாச்சு. காகிதம்னா அழிக்கலாம், கல்லை என்ன பண்றது?" என்றார். நான் விடாமல் நிற்பதைப் பார்த்து, "யாரும்மா இதையெல்லாம் இப்ப ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க? அந்த அம்மாவுக்காகக் கவலைப்படவும் யாரும் இருக்க மாட்டாங்களே" என்றார். அந்த அம்மாவே இருக்கிறார் என்று சொன்னேன். உதவியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உயிரோடயா?" என்று கேட்டார். ஐயா, தங்கள் குழுவில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு பெண்ணைக் குடிகாரி என்று கல்லில் எழுதுவதற்கு முன், அவள் இருக்கிறாளா செத்தாளா என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

18. அவர் இருக்கிறார். நகரத்தின் தெற்கே, வயதான கலைஞர்களுக்கான இல்லத்தில் இருக்கிறார். கை நடுக்கம் உடம்பெல்லாம் பரவிவிட்டது. சில காலமாக நினைவும் தப்புகிறது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது தெரியாது. செல்சோ எப்போது வருவார் என்று கேட்பார். நான் ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

19. அரசு முத்திரை பதித்த தங்கள் சிற்றேடு அந்த இல்லத்துக்கும் அனுப்பப்பட்டது. அங்கே இருப்பவர் ஒருவரின் படம் அதில் வந்திருக்கிறதே என்ற மகிழ்ச்சியில், நிர்வாகத்தார் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அரசேலிக்கு இன்னும் நன்றாகப் படிக்க வரும்.

20. அடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் அறையில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த இல்லத்தில் எங்கள் பழைய ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். கூட்டத்தில் நின்று நடித்தவர்கள், உடை தைத்தவர் ஒருவர், தச்சர் ஒருவர். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "என்னை மன்னிச்சுடுங்க. என்னாலதான் உங்க எல்லார் பொழைப்பும் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தச்சருக்குக் காது மந்தம். என்னவோ நல்ல வார்த்தை சொல்கிறார் என்று நினைத்து, "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்று கையைத் தட்டிக் கொடுத்தார்.

21. ஐயா, இதுவரை 'அவர்' என்று எழுதிவந்தேன். இனி என்னால் முடியாது. அவள் என் தோழி. அவளை உட்காரவைத்து, "என்னடி இது, யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டேன். சுவரைக் காட்டினாள். "நான் குடிச்சேனா ஓர்தென்சியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது செம்பருத்தித் தண்ணீர் என்றேன். உன் அப்பா எப்படிச் செத்தார் என்று நினைவில்லையா என்றேன். எல்லாவற்றையும் குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அரசாங்கம் அச்சடிச்சிருக்கே. சும்மாவா போடுவாங்க? நான் குடிச்சிருக்கணும். எனக்குத்தான் ஞாபகம் இல்ல" என்றாள்.

22. அந்தக் காகிதத்தை அன்றே கிழித்தெடுத்தேன். பயனில்லை. எல்லாம் மறக்கிறவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குகிறாள். நான் முதலிலிருந்து பதில் சொல்கிறேன். அவள் வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் வராத ஒரு குற்றத்தை, கடைசிக் காலத்தில், தங்கள் முத்திரையின் பலத்தால், தானே ஒப்புக்கொண்டு திரிகிறாள். மொந்தால்வோ ஒரு விரலால் ஊருக்கு மட்டும்தான் அதைச் சொன்னார். அவளையே நம்பவைக்க அவரால்கூட முடியவில்லை, ஐயா. அதைத் தாங்கள் செய்து முடித்திருக்கிறீர்கள்.

23. ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

கல்வெட்டில் அந்த இரண்டாம் வாக்கியம் முழுவதையும் நீக்க வேண்டும். கல்லை அழிக்க முடியாது என்றால் உடைக்கலாம். அதற்கு ஆள் தேவைப்பட்டால் நானே வருகிறேன். சிற்றேட்டைத் திரும்பப் பெற வேண்டும். பண்பாட்டு இல்லத்துக்குச் செல்சோ அர்ரியேத்தாவின் பெயரை வையுங்கள். அல்லது பெயரே வைக்காதீர்கள். மொந்தால்வோவின் பெயர் மட்டும் அந்த லாயத்து மண்ணின் மேல் வேண்டாம். இவை தங்கள் குழு கூடித் தீர்மானிக்க வேண்டியவை என்பதும், கூட்டங்கள் தள்ளிப்போகும் என்பதும் எனக்குத் தெரியும். காத்திருக்கிறேன்.

24. ஆனால் இன்னொன்றுக்குக் காத்திருக்க முடியாது. அதற்குத் தீர்மானமும் தேவையில்லை. தாங்கள் ஒருநாள் நேரில் அந்த முதியோர் இல்லத்துக்கு வர வேண்டும். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அலுவலகக் காரில், முத்திரை போட்ட ஒரு தாளோடு வர வேண்டும். அவள் முன்னால் நின்று, "அரசேலி உர்கீசா குடிக்கவில்லை, பிரிவு மூடப்பட்டதற்கு அவர் காரணமில்லை, அரசாங்கம் தவறாக அச்சிட்டுவிட்டது" என்று சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் அவள் மறந்துவிட்டால், மறுபடியும் வர வேண்டும்.

இதை நானே சொல்லலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். சொல்லாமல் இருப்பேனா? போன ஞாயிறுகூடச் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். "நீ நல்லாத்தான் சொல்றே ஓர்தென்சியா. ஆனா நீ கதை எழுதுறவ" என்றாள்.

இடம்: போர்த்தாலெஸ், மெக்சிகோ நகரம்
நாள்: 11 மார்ச், 1991

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
ஓர்தென்சியா பியாசெஞோர்